நூற்று நாற்பது நோய்களும் ஒரு மூச்சிரைப்பும்

ஐந்து ஆண்டுகளில் அவருக்கு நூற்று நாற்பது நோய்கள் வந்திருக்கின்றன. சிறுநீரகக் கல் மட்டும் நான்கு முறை. காது கேளாமை, இரண்டு காதிலும். ஒருமுறை பிரசவ வலிகூட. அன்று வரவேண்டிய பெண் வரவில்லை, பயிற்சியாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், சரி போகட்டும் என்று அதையும் தாங்கிக்கொண்டார். எந்த நோயானாலும் ஐந்து நிமிடத்தில் குணமாகிவிடும். மேசைமேல் இருக்கும் கடிகாரம் கிணுகிணுத்ததும் கட்டிலிலிருந்து எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "நெக்ஸ்ட்" என்பார்.

வயது அறுபத்து நான்கு. தொழில், நோயாளி.

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போக விரும்பும் நர்சுகள் ஆங்கிலத்தில் ஒரு பேச்சுத் தேர்வு எழுதவேண்டும். எழுதவேண்டும் என்பது பேச்சுவழக்கு. உண்மையில் பேசவேண்டும். தேர்வாளர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். நர்சு அவருக்கு வணக்கம் சொல்லி, என்ன செய்கிறது என்று கேட்டு, பயத்தைத் தணித்து, அடுத்து என்ன நடக்கும் என்று விளக்கவேண்டும். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். அந்தத் தேர்வுக்குத் தயார்செய்யும் பயிற்சி நிலையம் ஒன்றில், மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருப்பதுதான் இவர் வேலை. நர்சுகள் இவரைப் "பேஷண்ட் அப்பா" என்பார்கள். சந்தையில் எதிரே பார்த்தாலும் அதே பெயர்தான். "பேஷண்ட் அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று அவர்கள் சத்தமாகக் கேட்கும்போது காய்கறிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதற்கு முன்பு முப்பது ஆண்டுகள் அவர் லிஃப்ட்மேன். எட்டு மாடி அலுவலகக் கட்டடம், சாம்பல் நிறச் சீருடை, முக்காலி ஒன்று. ஆங்கிலம் அவர் படித்ததில்லை, காதால் வாங்கியதுதான். அதிகாரிகள் தரைத்தளத்தில் தொடங்கிய பேச்சை ஆறாவது மாடியில் பாதியில் அறுத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். அதனால் அவரிடம் தொடக்கமும் நடுவுமாக ஏராளமான ஆங்கிலம் சேர்ந்திருந்தது, முடிவுகள்தான் குறைவு. ஒருநாள் ஒரு பெரிய அதிகாரி இன்னொருவரிடம், "பட், தி ரியல் ரீசன் இஸ்..." என்று தொடங்கியபோது கதவு திறந்துவிட்டது. அந்த உண்மையான காரணம் என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஓய்வுபெற்றதும் அவர் தேடிப் போனது லிஃப்ட் வேலையைத்தான். டயர்க்கடைக்கு மேலே இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வரப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். குழி வெட்டி, சுவர் எழுப்பி எல்லாம் தயாராக இருந்தது. லிஃப்ட் மட்டும் இல்லை. "அடுத்த மாசம் வந்துடும்" என்று கட்டட உரிமையாளர் அன்றைக்குச் சொன்னார், இன்றைக்கும் சொல்கிறார். டயர்க்காரர் அந்தக் குழியில் பழைய டயர்களை அடுக்கிவைத்திருக்கிறார். உரிமையாளரைப் பார்க்க மூன்றாவது மாடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பயிற்சி நிலையத்தின் கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்திருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். நிலையத்தை நடத்துபவர். எல்லாருக்கும் "மிஸ்".

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் படுக்க முடியுமா?"

"எங்க?"

"கட்டில்ல."

"எதுக்கும்மா?"

"உங்களுக்கு வயித்து வலி."

"எனக்கா? இல்லியே."

"இருக்குன்னு வச்சுக்கங்க சார். எங்க ஆபீஸ் பொண்ணுதான் வழக்கமாப் படுப்பா. அவளுக்குச் சிரிப்பு வந்துடுது."

படுத்தார். ஒரு நர்சு கட்டிலருகே வந்து, "வாட் பிராட் யூ ஹியர் டுடே?" என்று கேட்டாள். இன்று உங்களை இங்கே கொண்டுவந்தது எது என்று கேட்டால் இவருக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான். "பஸ் நம்பர் செவன்" என்றார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "இப்படித்தான் நிஜ பேஷண்ட் பதில் சொல்லுவாங்க. சமாளிங்க, சிஸ்டர்" என்றார். அன்று மாலையே வேலை உறுதியானது.

ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அட்டை உண்டு. நீங்கள் யார், எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும். கடைசியில் தனியாக ஒரு வரி: கேட்டால் மட்டும் சொல்லவேண்டியது. அந்தக் கடைசி வரிதான் அவருக்கு உயிர். மாத்திரையை விழுங்காமல் ஜன்னல் வழியே எறிந்துவிட்ட கிழவர், மகன் வீட்டுக்குப் போக விருப்பமில்லாததால் வலி இன்னும் இருக்கிறது என்று சொல்லும் கிழவர் என்று ஒவ்வொரு அட்டைக்குள்ளும் ஒருவர் ஒளிந்திருப்பார். நர்சு பதமாகக் கேட்டால் வெளியே வருவார். அதட்டிக் கேட்டால் வாயே திறக்கமாட்டார். மிஸ் மதிப்பெண் போடுவதற்கு முன்பே, நர்சுக்கு எத்தனை மதிப்பெண் என்று நோயாளியின் முகத்தைப் பார்த்தே வகுப்புக்குத் தெரிந்துவிடும்.

மரியாதை விஷயத்தில் அவர் கறார். தொடுவதற்கு முன் அனுமதி கேட்காவிட்டால் கையை இழுத்துக்கொள்வார். நர்சுகளுக்கு இதுதான் பெரிய சிரமம். வார்டில் அவர்கள் பேசும் பாஷை வேறு. "வாயத் தொறங்க. கையக் காட்டுங்க. திரும்பிப் படுங்க" என்பதோடு முடிந்துவிடும். இங்கேயோ, எனக்காக உங்கள் வாயைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்கவேண்டியிருந்தது.

"மிஸ், எங்க வார்டுல இப்படிக் கேட்டா பேஷண்ட் பயந்துடுவாரு. நமக்கு ஏதோ பெரிய வியாதி, அதான் மரியாதையாப் பேசறாங்கன்னு நினைச்சுப்பாரு" என்றாள் ஒருத்தி.

"கவலைப்படாதீங்க" என்று சொல்லவும் தடை. டோன்ட் வொரி என்றால் மதிப்பெண் போய்விடும். உங்களுக்கு இது எவ்வளவு கவலையாக இருக்கும் என்று எனக்குப் புரிகிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறீர்களா என்று கேட்கவேண்டும். பேஷண்ட் அப்பாவுக்கு இந்த ஆங்கிலம் ரொம்பப் பிடித்துப்போனது. முப்பது ஆண்டுகள் எட்டு மாடி ஏற்றி இறக்கியபோது அவரிடம் யாரும் கேட்காத கேள்விகளையெல்லாம் இந்தப் பிள்ளைகள் ஒரே காலையில் பன்னிரண்டு தடவை கேட்டார்கள்.

வீட்டிலும் ஒத்திகை நடக்கும். அவர் மனைவி பள்ளிச் சீருடைகள் தைப்பவர், நர்சுகளுக்கெல்லாம் "அம்மா". கூடத்தில் தையல் மெஷின், அடுத்த அறையில் முனகல்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா. பக்கத்து வீட்டுல நான்தான் போட்டு அடிக்கறேன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"கிட்னி ஸ்டோன்மா. மெதுவா எல்லாம் வலிக்காது."

"அப்ப வாய மூடிக்கிட்டு வலியுங்க. நான் காலர் வச்சிட்டிருக்கேன்."

ஆனால் அந்த வேலை அவருக்கு இருப்பதில் அவரைவிட அம்மாவுக்குத்தான் நிம்மதி அதிகம். ஓய்வுபெற்ற முதல் மூன்று மாதம் அவர் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தையல் நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு மாசம் போயிருந்தா நானே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்" என்பார் அம்மா.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முதலில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் மட்டும். அங்கே ஒரு டியூஷன் சென்டரின் அறிவிப்புப் பலகை உண்டு. அதைப் படிப்பதுபோல நிற்பார். பிறகு முதல் மாடியிலும் நிற்க வேண்டிவந்தது. அங்கே படிக்க எதுவுமில்லை, மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கண் இருட்டிக்கொண்டு வரும், சுவரைப் பிடித்துக்கொள்வார். முப்பது வருஷம் லிஃப்டிலேயே நின்ன காலு, படின்னா இப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே வர ஆரம்பித்தார். மற்றவர்கள் வரும்போது கட்டிலில் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அட்டையைப் படித்துக்கொண்டிருப்பார். "அப்பாவோட சின்சியாரிட்டியப் பாருங்க" என்று மிஸ் நர்சுகளிடம் சொல்வார்.

யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இவர் சேர்ந்த புதிதில் செவ்வாய், வியாழனில் மட்டும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை நோயாளியாக வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவருக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. மிஸ் வெந்நீர் கொடுத்து, ஆட்டோ பிடித்துக் கொடுத்து, "உடம்பப் பாத்துக்கங்க டீச்சர்" என்று அன்பாக அனுப்பிவைத்தார். பிறகு கூப்பிடவே இல்லை. அந்தச் செவ்வாயும் வியாழனும் இவருக்கு வந்து சேர்ந்தன. ஆரோக்கியமாக இருப்பவருக்குத்தான் நோயாளி வேலை என்பது அவருக்கு அன்றே புரிந்துவிட்டது. மூச்சிரைப்பு வெளியே தெரிந்தால் வெந்நீர், ஆட்டோ, அன்பான வார்த்தை. அதோடு முடிந்தது கதை. மறுபடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தையல் மெஷின் பக்கத்தில் போய் உட்காரவேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை பஸ் தாமதமாக வந்தது. அரை மணி முன்னதாக வர முடியவில்லை. எல்லாரும் காத்திருக்க, மூன்று மாடி ஏறி வந்தவர் கட்டிலில் விழுந்தார். உதடு வெளுத்திருந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினார். நல்லவேளையாக அன்றைய அட்டை ஆஸ்துமா. ஐந்து நிமிடம் முடிந்ததும் வகுப்பே எழுந்து கைதட்டியது.

"பின்னிட்டீங்கப்பா! எனக்கே ஒரு நிமிஷம் பயம் வந்துடுச்சு."

"வேர்வையக்கூட வரவைக்கறாரு பாரேன்!"

கைதட்டியவர்கள் பதினான்கு பேர். அத்தனை பேரும் வேலையில் இருக்கும் நர்சுகள். பேஷண்ட் அப்பா நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். கையை உடனே எடுக்கவில்லை.

அந்த வகுப்பில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவள் ஒருத்தி உண்டு. பதினைந்தாவது ஆள். கைதட்டாததற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை, எப்போதும் எல்லாவற்றிலும் அவள் கொஞ்சம் தாமதம். மற்றவர்கள் அவளை "அமைதி சிஸ்டர்" என்று கேலிசெய்வார்கள். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எதையாவது செய்யும்போது பேசத் தெரியாது, அவ்வளவுதான். கட்டு அவிழ்ப்பதுபோல நடிக்கச் சொன்னால் நிஜமாகவே அவிழ்ப்பாள், வாய் நின்றுவிடும். தேர்வில் மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது. மூன்றாவது முறைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவருக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். அமைதி சிஸ்டரின் முறை. வணக்கம் சொன்னாள், உட்காரலாமா என்று கேட்டாள், புண்ணைப் பற்றி விசாரித்தாள். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு நாடி பார்க்கும் கட்டம் வந்தது.

வகுப்பில் நாடி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. "ஐ ஆம் ஜஸ்ட் கோயிங் டு செக் யுவர் பல்ஸ்" என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் இரண்டு விரலை வைக்கவேண்டும். "தட்ஸ் ஃபைன்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துவிடவேண்டும். லிஃப்ட் கதவு சாத்த எடுக்கும் நேரம்கூட ஆகாது. இங்கே மதிப்பெண் வார்த்தைக்கு, நாடிக்கு இல்லை. ஐந்து ஆண்டுகளில் அவர் மணிக்கட்டை நூற்றுக்கணக்கான நர்சுகள் தொட்டிருக்கிறார்கள். எண்ணியவர் யாருமில்லை.

அமைதி சிஸ்டர் விரலை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாய் நின்றுவிட்டது.

"ஸ்பீக், சிஸ்டர்" என்றார் மிஸ்.

அவள் கண் கடிகார முள்ளைவிட்டு நகரவில்லை.

"டாக் டு ஹிம்! ஏதாவது சொல்லுங்க! வலி எப்படி இருக்குன்னு கேளுங்க!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேசைக் கடிகாரம் கிணுகிணுத்தது. ஐந்து நிமிடம் முடிந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"மூணாவது தடவையும் இதேதானா?" மிஸ் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பேசிக்கிட்டே செய்யணும்னு!"

"எண்ணும்போது எப்படி மிஸ் பேசறது?" என்று சொல்லிவிட்டு அவள் தமிழில் அவரிடம் திரும்பினாள். "அப்பா, உங்களுக்கு எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படிம்மா?"

"நாடி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டுதான் இருக்கு."

"அது கார்டுல இல்லியே?"

"கார்டு கிடக்கட்டும்ப்பா. அந்தக் கையக் குடுங்க."

அடுத்த நிமிடம் கட்டிலைச் சுற்றிப் பதினைந்து நர்சுகளும் நின்றார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். ஒருத்தி கழுத்தில் விரல் வைத்தாள்.

"முப்பத்தாறு."

"இல்ல, முப்பத்தெட்டுதான். நீ பாதியில ஆரம்பிச்ச."

"யாராவது பி.பி. மெஷின் வச்சிருக்கீங்களா?"

"இங்கிலீஷ் கிளாஸுக்கு யாரு பி.பி. மெஷின் எடுத்துட்டு வருவா?"

அனுமதி கேட்காமல் இத்தனை பேர் தொடுவது பேஷண்ட் அப்பாவுக்கு இதுவே முதல் முறை. பழக்க தோஷத்தில், "ஐ ஆம் வெரி வொரீட், சிஸ்டர்" என்றார். யாரும் மதிப்பெண் போடவில்லை. "ஒண்ணுமில்லம்மா, பஸ்ல வந்த களைப்பு" என்று தமிழில் சொல்லிப் பார்த்தார். அதையும் யாரும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு நர்சுகள் தூக்கினார்கள். முன்னால் ஒருத்தி, "பாத்து, பாத்து, திருப்பம்" என்று கத்திக்கொண்டு இறங்கினாள். மிஸ் பின்னால் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். டயர்க்காரர் கடையை விட்டு வெளியே ஓடிவந்து, "பாடமா, நிஜமா?" என்று கேட்டார். நாற்காலி தரையைத் தொட்டதும் பேஷண்ட் அப்பாவின் வாயிலிருந்து தானாக வந்தது: "கிரவுண்ட் ஃப்ளோர்."

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் பச்சைத் திரை போட்ட ஒரு கட்டில் கிடைத்தது. அமைதி சிஸ்டர் பெயர் பதிவுசெய்ய முன்பக்கம் போனாள். கழுத்தில் இஞ்ச் டேப்பும் ரவிக்கையில் குத்திய ஊசியுமாக அவர் மனைவி வந்து சேர்ந்தார். சற்று நேரத்தில் பணி மருத்துவர் வந்தார். இளைஞர், கண்ணில் தூக்கம்.

"சொல்லுங்கய்யா, என்ன பண்ணுது?"

கட்டில், திரை, வெள்ளை கோட்டு, கேள்வி. ஐந்து ஆண்டுப் பழக்கம் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது. "டாக்டர், ஐ ஹாவ் எ டைட் ஃபீலிங் இன் மை செஸ்ட். லைக் எ பெல்ட்." வலது கையால் நெஞ்சைச் சுற்றிக் காட்டினார். "இட் கோஸ் டு மை லெஃப்ட் ஆர்ம். இட் ஸ்டார்டட் டூ வீக்ஸ் அகோ."

மருத்துவர் நிமிர்ந்தார். இவ்வளவு ஒழுங்காக நோயைச் சொல்லும் ஆளை அவர் அன்று காலையிலிருந்து பார்க்கவில்லை. "வெரி குட்" என்றபடி வேகமாக எழுதினார். நெஞ்சைச் சுற்றிப் பெல்ட் போட்டு இறுக்குவதுபோல வலி, இடது கைக்குப் பரவுகிறது. மாரடைப்பு பற்றிப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்குமோ அப்படியே. அதற்கான மாத்திரையையும் ஊசியையும் எடுத்துவரச் சொல்லி நர்சிடம் திரும்பினார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார் அம்மா.

"பயப்படாதீங்கம்மா, உடனே பாத்துடலாம்."

"அது இல்ல டாக்டர். இது இவரோட வலி இல்ல."

"என்னது?"

"இது கார்டு. போன மாசம் பூரா வீட்டுல இதைத்தான் ஒப்பிச்சிட்டு இருந்தாரு. பெல்ட்டுன்னுவாரு, லெஃப்ட் ஆர்ம்னுவாரு. எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனா இது எனக்கே மனப்பாடம்."

மருத்துவர் ஒருவர் முகத்தையும் இன்னொருவர் முகத்தையும் பார்த்தார். "ஐயா, உங்களுக்கு நெஞ்சு வலி இருக்கா இல்லியா?"

பேஷண்ட் அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இல்ல" என்றார்.

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க. அதான் வந்துது."

தன் கதையை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது. அவ்வளவுதான். அட்டைகளோடு ஒப்பிட்டால் ரொம்ப ஏழையான நோய். அதைச் சொல்லிவிட்டால் வேலை போய்விடும் என்பது வேறு. மருத்துவர் நர்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

"எத்தனை நாளா இருக்கு? மயக்கம் வந்துச்சா? ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

இதற்குள் அமைதி சிஸ்டர் பதிவை முடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். பின்னாலேயே மிஸ். சிஸ்டர் மருத்துவரைப் பார்த்து, "நான் கேக்கலாமா சார்?" என்றாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அப்பா, கையத் தொடலாமா?"

அவர் கையை நீட்டினார்.

"உங்களுக்கு எதை நினைச்சா பயமா இருக்கு? கொஞ்சம் சொல்றீங்களா?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அது அவளுக்கு நன்றாக வரும். ஈ.சி.ஜி. எடுக்க வந்தவர் நெஞ்சில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஊசியைக் கழற்றிக் குத்தி, கழற்றிக் குத்திக்கொண்டிருந்தார். மருத்துவர் மணியைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"படிதாம்மா" என்றார் பேஷண்ட் அப்பா. "ரெண்டு மாசமா நின்னு நின்னுதான் ஏறறேன். மீட்டர் பாக்ஸ்கிட்ட ஒருநாள் கண்ணே தெரியல. அப்படியே உக்காந்துட்டேன். யாரும் பாக்கல. அன்னைக்கு ஆஸ்துமான்னு கை தட்டுனீங்களே, அது நடிப்பு இல்ல. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா டீச்சரம்மாவ நிறுத்துன மாதிரி என்னையும் நிறுத்திடுவாங்க. அதான்."

மிஸ் திரைக்கு அருகே, இன்னும் அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்த்தார். மிஸ் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

"டீச்சரம்மாவ நான் எங்க நிறுத்துனேன்? அவங்க பேரன் பொறந்திருக்கான்னு மக வீட்டுக்குப் போயிட்டாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்லலியே!"

"உங்களை நிறுத்திட்டு நான் யாரப் படுக்க வைக்கறது? டயர்க்காரரையா?"

"அவருக்கு வலின்னா என்னன்னே தெரியாது மிஸ்" என்றார் பேஷண்ட் அப்பா, தொழில்முறைக் கவலையோடு.

"இத என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அம்மா. "வீட்டுல அத்தனை நோய்க்கும் கத்தினீங்க. உங்க நோய்க்கு மட்டும் வாயே தொறக்கல."

"நீதானேம்மா வாய மூடிக்கிட்டு வலியுங்கன்னு சொன்ன."

ஈ.சி.ஜி. காகிதம் நீளமாக வெளியே வந்தது. மருத்துவர் அதை இரண்டு கையாலும் பிடித்து விளக்கினார். இதயத்தின் மேல் அறை ஒழுங்காகக் கட்டளை அனுப்புகிறது, கீழ் அறைக்கு அது போய்ச்சேரவில்லை. அதனால் கீழ் அறை தன்பாட்டுக்கு மெதுவாக அடித்துக்கொள்கிறது.

"மேல பட்டன் அமுக்கறாங்க, கீழ லிஃப்டுக்குத் தெரியல" என்றார் பேஷண்ட் அப்பா.

மருத்துவர் முதல் முறையாகச் சிரித்தார். "அதேதாங்கய்யா. நடுவுல ஒயர் போச்சு. புது ஒயர் போட்டுடலாம். பேஸ்மேக்கர்னு சின்ன கருவி, தோளுக்குக் கீழ வச்சுடுவாங்க."

"வச்சா படி ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம்."

மறுநாள் காலை வைத்தார்கள். மயக்க மருந்து முழுதாகக் கொடுக்கவில்லை, அந்த இடம் மட்டும் மரத்துப்போனது. திரைக்கு அந்தப் பக்கம் நடப்பதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். மருத்துவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு பேச்சைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டது இதுதான் முதல் முறை என்று பிறகு அம்மாவிடம் சொன்னார். "என்னங்க பேசிக்கிட்டாங்க?" என்று அம்மா கேட்டார். "வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறதைப் பத்தி. நல்ல தரமான பெயின்ட் எதுன்னு கடைசிவரைக்கும் முடிவாகல" என்றார்.

அன்று மாலை வார்டுக்கு வந்த மிஸ்ஸும் அமைதி சிஸ்டரும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து விவாதித்தார்கள். மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது, எண்ணும்போது பேசவும் முடியாது. என்ன செய்வது? "சொல்லிட்டு அமைதியா இருந்தா என்ன?" என்றார் நடுவில் படுத்திருந்தவர். "நான் பேஷண்ட். திடீர்னு ஒருத்தர் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசலன்னா எனக்குத் திக்குங்குது. இப்ப எண்ணப்போறேன், கொஞ்ச நேரம் பேசமாட்டேன், சரியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் பாட்டுக்குப் படுத்திருப்பேன்."

மிஸ் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டார். உங்கள் நாடியை இப்போது எண்ணப்போகிறேன், அதனால் சற்று நேரம் அமைதியாக இருப்பேன், உங்களுக்குச் சம்மதமா? அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். பேஷண்ட் அப்பாவின் கையைப் பிடித்து அமைதி சிஸ்டர் அதை அங்கேயே பழகினாள். பக்கத்துக் கட்டில்காரர், "எனக்கும் ஒருதரம் அப்படிக் கேளும்மா, நல்லா இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் அவள் தேர்வில் அதே வாக்கியத்தைச் சொன்னாள். தேர்வாளர் சம்மதம் என்று தலையசைத்தார். அவள் எண்ணினாள். எண்ணி முடித்து, எத்தனை என்று சொல்லி, தொடர்ந்து பேசினாள். ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கமுடியாமல் கடைசி விளக்கம் பாதியில் நின்றுபோனது. இருந்தும் தேவையான மதிப்பெண் வந்துவிட்டது. இனிப்போடு படியேறி வந்து முதலில் மிஸ்ஸுக்குக் கொடுத்தாள். பிறகு பேஷண்ட் அப்பாவின் வீட்டுக்குப் போய் அம்மாவுக்குக் கொடுத்தாள். பேஷண்ட் அப்பா இனிப்பைச் சாப்பிடுவதற்கு முன் மணிக்கட்டை நீட்டினார். "கேட்டுட்டுத்தான்ப்பா தொடுவேன்" என்று சொல்லிவிட்டு எண்ணினாள். எழுபது.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. மூன்றாவது வாரமே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெஷின் பக்கத்தில் நாற்காலி மறுபடி வந்துவிட்டது. காலர் நேராக இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதும் அம்மாவே மிஸ்ஸுக்கு ஃபோன் போட்டார். "எப்ப வேணா கூப்பிட்டுக்கங்க. கை தூக்காத வியாதியா பாத்துக் குடுங்க."

இப்போது படிகளை மெதுவாக, நிற்காமல் ஏறுகிறார். இரண்டாவது மாடி அறிவிப்புப் பலகையைப் படிப்பதில்லை. அரை மணி முன்னதாக வருவதும் இல்லை, இரண்டு தடவை தாமதமாகவே வந்து மிஸ்ஸிடம் பேச்சு வாங்கினார். வகுப்பின் கரும்பலகையில் அந்தப் புதிய வாக்கியம் ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கிறது. நாடி எண்ணும்போது மிஸ் மேசைக் கடிகாரத்தை நிறுத்திவைக்கிறார். அதனால் ஒவ்வொரு நோயும் ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக ஆறு நிமிடம் நீடிக்கிறது. பேஷண்ட் அப்பாவுக்கு அதில் கொஞ்சம் அலுப்புதான். ஒரு காலைக்குப் பன்னிரண்டு முறை கையை நீட்டிக்கொண்டு சும்மா படுத்திருக்க வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை புதிய குழு வருகிறது, பதினொரு நர்சுகள். முதல் அட்டை கணுக்கால் சுளுக்கு.